நடைமேடையிலிருந்து வீட்டு வாசல் வரை
வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், என் மகள் வீட்டுக்கு அருகிலுள்ள ஓரென்கோ ரயில் நிலையத்தைப் பற்றி நான்கு பத்தி எழுதியிருந்தேன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகருக்கு மேற்கே ஹில்ஸ்போரோ என்ற புறநகரில் இருக்கிறது அந்த நிலையம். அந்த நான்கு பத்திக்கு வந்த அளவு கடிதங்கள் நான் எழுதிய வேறு எதற்கும் வந்ததில்லை. பிள்ளைகள் அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிற பெற்றோர்தாம் பெரும்பாலும் எழுதியிருக்கிறார்கள். முப்பத்தோரு ஆண்டு நகரமைப்பு அலுவலகத்தில் வரைபட மேசையில் உட்கார்ந்தவள் நான். ஆறு ஆண்டுகளாக அந்த நிலையத்துக்கு நடந்து போய்வருகிறேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு இன்டெல்லில் வேலை. ஓரென்கோ நிலையத்தை ஒட்டி வீடு பார்க்கிறான். ‘நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை’ என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

விளம்பரத்தை மடித்து வைத்துவிட்டு உங்கள் மகனை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் கோடைக்காலத்து ஞாயிறு காலையில் வேண்டாம். நவம்பர் மாதத்தில், மழை தூறும் ஒரு வேலைநாளில், மாலை ஐந்தரை மணிக்கு ரயிலை விட்டு இறங்கி, கையில் பையுடன் அந்த வீட்டு வாசல் வரை நடக்கட்டும். அந்த நேரத்துக்கு அங்கே நன்றாக இருட்டியிருக்கும். அந்த நடை அவனுக்குச் சரிப்பட்டால் வீடும் சரிப்படும்.

ஓரென்கோவில் இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அங்கே நிலையம் ஓரிடம், கடைத்தெரு ஓரிடம். நடைமேடையிலிருந்து கார்னெல் சாலையில் இருக்கும் கடைகளுக்குச் சுமார் கால் மைல். என் நடையில் ஏழு நிமிடம். கார்னெல் சாலை அகலமானது, கார்கள் வேகமாக வரும். அதைத் தாண்டி வடக்கே வீடு என்றால், சிக்னலில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வரைபடத்தில் பறவை பறக்கும் தூரத்தை அளந்து ‘ஐந்து நிமிடம்’ என்று போட்டுவிடுகிறார்கள். பறவைக்குச் சிக்னல் இல்லை.

அடுத்தது, வழியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வாசற்கதவும் ஜன்னல் வெளிச்சமும் இருக்கின்றனவா, வேலியும் கார் நிறுத்தமும்தானா? இருட்டில் தனியாக நடப்பவருக்கு ஒரு சமையலறை ஜன்னலின் வெளிச்சம் எவ்வளவு துணை என்பது நடந்தவர்களுக்குத் தெரியும்.

வீட்டின் பின்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். 1997-இல் கட்டத் தொடங்கிய பழைய ஓரென்கோ பகுதியில் கார் கொட்டகைகளைப் பின் சந்துக்குத் தள்ளிவிட்டார்கள். அதனால் வீட்டின் முகப்பில் திண்ணை மாதிரியான தாழ்வாரம் வந்தது. அதைவிட முக்கியம், முன்னால் நடைபாதை வெட்டுப்படாமல் நீளமாக ஓடுகிறது. மற்றப் புறநகர்களில் பத்தடிக்கு ஒரு முறை ஒரு கார் ரிவர்ஸில் வருமோ என்று திரும்பிப் பார்க்க வேண்டும். இங்கே என் பேரன் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போக, நான் நிதானமாகப் பின்னால் போனேன். வீடு சிறியதுதான், தோட்டம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அந்த நடைபாதைக்காக அதை விட்டுக்கொடுக்கலாம்.

கேள்வி: இலகு ரயில், மெட்ரோ, டிராம் – மூன்றுக்கும் என்ன வேறுபாடு?

மெட்ரோவுக்கு முழுப் பாதையும் தனியாக வேண்டும். யாரும் குறுக்கே வரக் கூடாது. டிராம் பெரும்பாலும் தெருவிலேயே ஓடும். இலகு ரயில் இடத்துக்குத் தக்கபடி இரண்டு வேலையும் செய்யும். ஓரென்கோ வழியாகப் போகும் ‘மேக்ஸ்’ ரயில் புறநகரில் தனிப் பாதையில் மணிக்கு 88 கிலோமீட்டர் வரை ஓடுகிறது. அதே ரயில் போர்ட்லாந்து நகர மையத்தில் கார்களோடும் ஆட்களோடும் தெருவில் மெதுவாகப் போகிறது. மேலே செல்லும் கம்பியிலிருந்து மின்சாரம். ‘இலகு’ என்பது பெட்டியின் எடையைக் குறிப்பதன்று. கட்டுமானமும் செலவும் மெட்ரோ அளவுக்குக் கனமில்லை என்பதே பொருள்.

கேள்வி: அந்த ரயில் ஏன் இரண்டு பெட்டியோடு நின்றுவிடுகிறது? கூட்டம் இருந்தால் மூன்றாவது பெட்டி சேர்க்கக் கூடாதா?

போர்ட்லாந்து நகர மையத்தில் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் இடையே 200 அடிதான், அதாவது 61 மீட்டர். இரண்டு பெட்டி அதற்குள் அடங்கும். மூன்றாவது பெட்டி சேர்த்தால், ரயில் நிற்கும்போது வால் குறுக்குத் தெருவை அடைத்துக்கொள்ளும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ போட்ட மனைக்கோடு, இன்றைய ரயிலின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. வரைபடம் வரைகிறவர்கள் இதை மேசைக்கு மேலே எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ரயில் வந்ததால் ஓரென்கோ உண்டானதா, ஊர் இருந்ததால் ரயில் வந்ததா?

இரண்டும் நடந்திருக்கிறது, இரண்டு முறை.

ஓரென்கோ என்பது ஒரு கம்பெனியின் பெயர்ச் சுருக்கம். ‘ஓரிகன் நர்சரி கம்பெனி’ என்ற மரக்கன்று நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நிலம் வாங்கி, தொழிலாளர்களுக்காக ஓர் ஊரை எழுப்பியது. 1908-இல் ‘ஓரிகன் எலெக்ட்ரிக்’ என்ற மின்சார ரயில் அந்தப் பக்கம் ஓடத் தொடங்கியது. 1913-இல் ஓரென்கோ தனி நகராட்சி ஆனது. பிறகு கம்பெனி நொடித்துப்போனது. பயணி ரயிலும் 1930-களில் நின்றது. 1938-இல் நகராட்சியையே கலைத்துவிட்டார்கள். கம்பெனியும் ரயிலும் போனதும் ஊர் வெறும் பெயராகச் சுருங்கிவிட்டது. ஆனால் தண்டவாளம் போட்டிருந்த நிலப்பட்டை மட்டும் யாரும் வீடு கட்டாமல், துண்டாடப்படாமல் கிடந்தது.

அறுபது ஆண்டு கழித்து அந்தப் பட்டைக்கு வேலை வந்தது. போர்ட்லாந்தின் முதல் மேக்ஸ் பாதை 1986-இல் கிழக்கே கிரஷம் வரை ஓடியது. மவுண்ட் ஹூட் நெடுஞ்சாலை என்று ஒன்றைக் கட்டத் திட்டமிட்டு, மக்கள் எதிர்ப்பால் கைவிட்டு, அதற்கென்று இருந்த மத்திய அரசுப் பணத்தின் ஒரு பகுதியை இந்த ரயிலுக்குத் திருப்பினார்கள். மேற்குப் பாதை 1998 செப்டம்பர் 12 அன்று திறந்தது. பீவர்ட்டன் என்ற இன்னொரு புறநகருக்கும் ஹில்ஸ்போரோவுக்கும் இடையே அது பெரும்பாலும் அந்தப் பழைய மின்சார ரயிலின் பட்டையிலேயே போகிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வரிசை. வழக்கமாக, ஊர் கன்னாபின்னாவென்று வளர்ந்த பிறகு ரயிலை எங்கே நுழைப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். இங்கே ரயில் வரும் முன்பே நிலையத்தைச் சுற்றிய நிலத்துக்கு விதி எழுதினார்கள்: இவ்வளவுக்குக் குறையாமல் வீடுகள் கட்ட வேண்டும், காரை நம்பியே நடக்கும் கடைகளுக்கு இடமில்லை. இதற்குப் பின்னால் இன்னொரு பழைய சட்டமும் இருக்கிறது. ஓரிகனில் 1973-இலேயே ஒவ்வொரு நகரமும் தன்னைச் சுற்றி ஓர் எல்லைக்கோடு போட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். கோட்டுக்கு உள்ளே ஊர், வெளியே வயலும் காடும். கோடு இருந்தால்தான் உள்ளே இருக்கும் நிலத்துக்கு மதிப்புத் தெரியும். அந்தக் கோடு இல்லாமல் ஓரென்கோவைக் கட்டியிருந்தால், அரை மைல் தள்ளி மலிவான நிலத்தில் வழக்கமான புறநகர் ஒன்று முளைத்து அதன் வாடிக்கையாளர்களை இழுத்திருக்கும்.

கேள்வி: எனக்கு அறுபத்தெட்டு வயது. அடுத்த மே மாதம் மகளோடு தங்க ஹில்ஸ்போரோ போகிறேன். பகல் முழுவதும் மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆங்கிலமும் சரளமாக வராது. நான் தனியாக அந்த ரயிலில் போகலாமா அம்மா?

கட்டாயம் போங்கள். இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தோன்றியது.

என் மகள் முதலில் இருந்த வீடு பெரியது, அழகானது. அங்கே தங்கிய முதல் ஆண்டில், காலை எட்டு மணிக்குக் கதவு சாத்தினால் மாலை ஆறுக்குத்தான் திறக்கும். பஸ் நிறுத்தத்துக்கே இருபத்தைந்து நிமிடம் நடக்க வேண்டும், அதிலும் பாதி வழிக்கு நடைபாதை கிடையாது. மதியம் இரண்டு மணிக்கு ஜன்னலருகே நின்று, தபால் வண்டி வருகிறதா என்று பார்ப்பேன். பெற்ற மகள் வீடுதான், குறை ஒன்றுமில்லை. ஆனால் கால் இருந்தும் வழியில்லாமல் இருப்பது ஒரு தனி வேதனை. அந்த வேதனையைப் பல தாய்மார்கள் மகளிடம் சொல்லாமலே ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். எனக்குத் தெரியும், பூங்காவில் உட்கார்ந்து பேசியிருக்கிறோம்.

ஓரென்கோவுக்கு வீடு மாற்றிய பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை நான் தனியாகக் கிளம்பினேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

நிலையத்தில் கதவோ தடுப்போ கிடையாது. நேராக நடைமேடைக்குப் போய்விடலாம். அதனால் டிக்கெட் எடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. பரிசோதகர் எப்போது வேண்டுமானாலும் வருவார். ‘ஹாப்’ என்ற அட்டையை மகளை வாங்கித் தரச் சொல்லுங்கள். ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சிறு கருவியில் அதைக் காட்ட வேண்டும். அறுபத்தைந்து வயது ஆனவர்களுக்குப் பாதிக் கட்டணம். நான் இதை எழுதும்போது இரண்டரை மணி நேரப் பயணத்துக்கு மற்றவர்களுக்கு 2 டாலர் 80 சென்ட், நமக்கு 1 டாலர் 40 சென்ட். சலுகைக்காக அட்டையை ஒரு முறை பதிந்துகொள்ள வேண்டும். வயதைக் காட்டும் அடையாள அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும். அந்த இரண்டரை மணி நேரத்துக்குள் இறங்கலாம், மறுபடியும் ஏறலாம், பஸ்ஸும் மாறலாம்.

முழங்கால் வலிக்கிறவர்கள் படியை நினைத்துப் பயப்படுவார்கள். தாழ்தளப் பெட்டி என்றால் படியே இல்லை. அமெரிக்காவில் இலகு ரயிலுக்குத் தாழ்தளப் பெட்டி முதலில் ஓடியதே இந்தப் போர்ட்லாந்தில்தான், 1997-இல். கதவருகே இருக்கும் பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு பலகை நீண்டு நடைமேடையைத் தொடும், சக்கர நாற்காலியும் உருண்டு ஏறும்.

ஆங்கிலம் வராதே என்ற கவலை வேண்டாம். ஒவ்வொரு நிலையத்திலும் பெயரைச் சொல்வார்கள், எழுத்திலும் ஓடும். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று சொல்லும்போது அந்த ரயில் ‘என் வலப்பக்கம்’, ‘என் இடப்பக்கம்’ என்று ஒரு மனுஷி பேசுவதுபோலச் சொல்லும், பிறகு ஸ்பானிய மொழியிலும் சொல்லும். இரண்டாம் நாளே ஸ்பானியச் சொல் எனக்கு மனப்பாடம். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மெக்சிகோ பாட்டியிடம் அதைச் சொல்லிக் காட்டினேன். அவர் கையைத் தட்டிச் சிரித்தார். எங்கள் இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த மொழி அந்த மூன்று சொல்தான்.

முதல் பயணத்துக்கு வாஷிங்டன் பார்க் போங்கள். கிழக்கே போகும் ரயில், ஏறத்தாழ அரை மணி. மலைக்குள் குடைந்த ராபர்ட்சன் சுரங்கத்துக்குள் அந்த நிலையம் இருக்கிறது. தரைக்கு 79 மீட்டர் கீழே, வட அமெரிக்காவிலேயே மிக ஆழமான ரயில் நிலையம். நடைமேடைச் சுவரில் ஒரு நீண்ட கண்ணாடிக் குழாய் பதித்திருக்கிறார்கள். சுரங்கம் தோண்டும் முன் மலையைத் துளைத்து எடுத்த பாறை, எந்த அடுக்கு எந்த இடத்தில் இருந்ததோ அந்த வரிசையில் கிடக்கிறது. கறுப்பான எரிமலைப் பாறை, இடையில் செம்மண் நிறத்தில் ஒரு பட்டை, பிறகு சாம்பல் நிறம். அதன் ஓரமாகவே நடந்துபோய் லிஃப்டில் ஏறினால், வெளியே தேவதாரு மர வாசனையோடு காற்று முகத்தில் அடிக்கும். எதிரே உயிரியல் பூங்கா. வாஷிங்டன் பார்க்கிலேயே, இன்னும் தள்ளி, ரோஜாத் தோட்டம். மே மாதக் கடைசியிலிருந்து பூக்கத் தொடங்கும். உங்களுக்கு நேரமும் பொருந்தி வருகிறது.

மாலை நான்கு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள், அது போதும். ஓட்டுநர் இருக்கும் முன் பெட்டியில் உட்காருங்கள். போன பிறகு எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

கேள்வி: நீங்கள் புகழும் ஓரென்கோவிலும் எல்லா வீட்டிலும் கார் இருக்கிறது, பெரும்பாலோர் காரில்தான் வேலைக்குப் போகிறார்கள் என்று படித்தேன். அப்படியென்றால் இவ்வளவு பணத்தையும் கொட்டி என்ன பயன்?

நீங்கள் படித்தது உண்மை. லூயிஸ் அண்ட் கிளார்க் கல்லூரியின் சமூகவியலாளர் புரூஸ் போடோப்னிக் 2000-களில் அந்த வீடுகளில் கணக்கெடுத்தார். வேலைக்குத் தனியாகக் காரில் போகிறவர்களே அதிகம் என்று அவரே எழுதினார். அதோடு இன்னும் இரண்டு விஷயங்களையும் எழுதினார். முன்பு இருந்த இடத்தைவிட இங்கே ரயிலையும் பஸ்ஸையும் அதிகமாகப் பயன்படுத்துவதாகப் பெரும்பாலோர் சொன்னார்கள். மற்றப் புறநகர்களைவிட அக்கம்பக்கத்தாரோடு பழக்கமும் இங்கே கூடுதலாக இருந்தது.

வேலைக்குப் போவதை மட்டும் எண்ணுகிற கணக்கை நான் ஏற்கமாட்டேன். ஒரு வீட்டிலிருந்து ஒரு நாளில் எத்தனை பேர் எத்தனை முறை வெளியே போகிறார்கள்? பால் வாங்க, பிள்ளையைப் பூங்காவுக்குக் கூட்டிப்போக, ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தைக்கு. அந்தப் பயணங்களில் பாதியாவது இங்கே காலால் நடக்கிறது. இரண்டு கார் வைத்திருந்த என் மகள் ஒன்றை விற்றுவிட்டாள். கார் இருக்கிறதா என்று கேட்காதீர்கள் ஐயா. எத்தனை கார் என்று கேளுங்கள், கார் ஓட்ட முடியாதவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: நிலையம் வந்தால் வாடகை ஏறும், ஏழைகள் போக வேண்டியதுதானே?

விட்டால் அப்படித்தான் ஆகும். நிலையத்துக்கு அருகிலுள்ள நிலத்தில் ஒரு பகுதியைக் குறைந்த வருமானக்காரர்களுக்கென்று முதலிலேயே ஒதுக்காவிட்டால், பிறகு வாங்க யாருக்கும் கட்டுப்படியாகாது. ஓரென்கோவில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. 2015-இல் ‘ஆர்ச்சர்ட்ஸ் அட் ஓரென்கோ’ என்ற குடியிருப்பின் முதல் கட்டமாக 57 வீடுகளைத் திறந்தார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வாடகை வீடுகள். கனமான சுவர், மூன்றடுக்குக் கண்ணாடி, காற்றுக் கசியாத கட்டுமானம் என்று மின்செலவு மிகக் குறையும் ‘பாசிவ் ஹவுஸ்’ முறையில் கட்டியவை. வாடகை குறைவு, மின்கட்டணம் குறைவு, கார் இல்லாமலும் சமாளிக்கலாம். மாதக் கடைசியில் கையில் மிஞ்சுவது இந்த மூன்றும் சேர்ந்துதான். 57 வீடு போதாது. அடுத்தடுத்த கட்டங்களும் சேர்ந்தும் போதாது. ஆனால் செய்ய முடியும் என்பதற்குச் செங்கல்லில் சாட்சி நிற்கிறது.

கேள்வி: ரயில் மணிச் சத்தத்தில் தூக்கம் வருமா?

ஒரு வாரம் கேட்கும், பிறகு கேட்காது. ரயில்வே கேட்டுக்கு நேர் எதிரே மட்டும் படுக்கையறை வேண்டாம்.

கேள்வி: நான் கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு மாணவி. ஒரு புறநகர் ரயில் நிலையத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் வடிவமைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஓரென்கோவை மறுபடி வரையக் கிடைத்தால் நீங்கள் எதை மாற்றுவீர்கள்?

நடைமேடையை ஒட்டிய வயலை.

கடைகளைக் கார்னெல் சாலையில் வைத்ததற்குக் காரணம் இருந்தது. ரயிலில் இறங்குகிறவர்களை மட்டும் நம்பினால் கடை ஓடாது, காரில் போகிறவர்களும் பார்க்க வேண்டும் என்றார்கள். அது சரியான கணக்கு, கடைகள் பிழைத்தன. ஆனால் கடைகளுக்கும் நிலையத்துக்கும் நடுவே இருந்த நிலம் வருஷக்கணக்கில் காலியாகவே கிடந்தது. அந்தக் காலத்தில் நடந்தவர்கள் சொல்வார்கள், ரயிலைவிட்டு இறங்கினால் முன்னால் புல்லும் கார் நிறுத்தமும், தொலைவில் கடை விளக்கு. 2010-களின் நடுவில்தான் அங்கே உயரமான குடியிருப்புகளும் கீழே கடைகளும் நடைமேடையை ஒட்டி ஒரு சதுக்கமும் வந்தன.

அதற்காக முதல் நாளே எல்லாவற்றையும் நடைமேடை ஓரத்தில் குவிக்கலாம் என்றும் நினைத்துவிடாதே. அதே பாதையில் பீவர்ட்டன் சென்ட்ரல் நிலையத்தைச் சுற்றி வட்டமாகப் பெரிய கட்டடங்கள் கட்டத் தொடங்கினார்கள். நடுவிலே பணம் தீர்ந்தது. ரயில் ஓடத் தொடங்கிய பின்னும் அரைகுறைக் கட்டடங்கள் சில ஆண்டுகள் அப்படியே நின்றன.

நான் வரைந்தால், அந்த வயலைக் காலியாக விடாமல், பெரிதாகவும் கட்டாமல், சிறு மனைகளாகப் பிரிப்பேன். ஒவ்வொன்றும் தனித்தனியாக, பணம் உள்ளபோது, வேறு வேறு கையால் கட்டக்கூடியதாக இருக்கும். அதற்கும் முன்னால் நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்கு மரநிழலோடு, விளக்கோடு, நூறடிக்கு ஒரு பெஞ்சோடு நேரான ஒரு நடைவழி. அது முதல் ரயில் ஓடும் நாளன்றே தயாராக இருக்க வேண்டும், இருபுறமும் மண் மேடாக இருந்தாலும் பரவாயில்லை. வெயிலும் மழைச்சாரலும் எந்தத் திசையிலிருந்து வரும் என்று பார்த்து மேற்கூரை போடுவேன். நடைமேடையைப் பார்த்தபடி குறைந்தது நான்கு வீட்டு வாசல் வைப்பேன்.

நீ வரையும்போது சாலையை முதலில் போடாதே அம்மா. ஒரு கிழவி கையில் பையோடு ரயிலைவிட்டு இறங்கி வீட்டுக்குப் போகும் வழியைப் பென்சிலால் முதலில் போடு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. முடிந்ததும் ஒன்றுக்கு ஐந்நூறு அளவில் ஒரு நகலைப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பு. சிவப்பு மையால் திருத்தி அடுத்த மாதம் திருப்பி அனுப்புகிறேன்.